பெரிய காலிபர் வேட்டை ரைஃபிளுக்குக் குறைந்த செலவில் சப்ரஸர்: புதியவர்களுக்கான வழிகாட்டி

சப்ரஸர் என்பது ரைஃபிள் குழலின் நுனியில் மாட்டி வெடிச்சத்தத்தைக் குறைக்கும் குழாய். அதை வாங்கக் கிளம்புகிறவர்கள் முதலில் பார்ப்பது விலையை, அடுத்து டெசிபல் கணக்கை. பெரிய காலிபரில் (காலிபர் என்பது குழல் துளையின் அளவு) பணம் வீணாவதோ பெரும்பாலும் வேறு மூன்று இடங்களில். குண்டின் விட்டத்துக்குப் பொருந்தாத துளை கொண்டதை வாங்கிவிடுவது ஒன்று. ரைஃபிள் குழலின் முனையில் மரை (சப்ரஸரைத் திருகி மாட்டும் புரி) கோணலாக வெட்டப்பட்டிருப்பது இரண்டு. முக்கால் கிலோ எடையுள்ளதை வாங்கி, காட்டுக்குத் தூக்கிப் போக மனமில்லாமல் அலமாரியில் வைத்துவிடுவது மூன்று. இந்த மூன்றையும் தவிர்த்தால் நடுத்தர விலையிலுள்ள சப்ரஸரே போதும். இவற்றில் ஒன்றைக் கோட்டைவிட்டால் மிக விலையுயர்ந்ததும் பயன்படாது.

கீழே சொல்வதெல்லாம் போல்ட் ஆக்‌ஷன், லீவர் ஆக்‌ஷன், ஒற்றைக் குண்டு ரைஃபிள்களை, அதாவது ஒவ்வொரு சூட்டுக்கும் கையால் தோட்டா ஏற்றும் வகைகளை, மனதில் வைத்தே. தானியங்கி வகையில் வாயு பின்னோக்கி வருவது தனிப் பிரச்சினை. அதற்கு வேறு கணக்கு வேண்டும்.

பணம் கட்டும் முன் சட்டம்

நாட்டுக்கு நாடு இது தலைகீழாக மாறும். நியூசிலாந்தில் கடையில் மற்ற உபகரணங்களோடு சேர்த்தே வாங்கிவிடலாம். கனடாவில் சப்ரஸர் தடைசெய்யப்பட்ட கருவி, வைத்திருப்பதே குற்றம். அமெரிக்காவில் 1934-ஆம் ஆண்டின் தேசியத் துப்பாக்கிச் சட்டத்தின்கீழ் ஒவ்வொன்றையும் பதிவு செய்ய வேண்டும். கைரேகை, புகைப்படத்தோடு விண்ணப்பித்து, அனுமதி வந்த பிறகுதான் கடைக்காரர் கையில் கொடுப்பார். அங்கே 200 டாலராக இருந்த வரி 2026 ஜனவரி 1 முதல் சப்ரஸர்களுக்குப் பூஜ்யம் ஆகிவிட்டது. பதிவு செய்யும் கடமை மட்டும் அப்படியே இருக்கிறது. அதே அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் தடையும் உண்டு. சில இடங்களில் வைத்திருக்கலாம், வேட்டைக்குக் கொண்டுபோகக் கூடாது என்றும் விதி இருக்கும். ஆகவே வைத்திருப்பதற்கான சட்டம், வேட்டைக்கான சட்டம் இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள்.

சுத்தம் செய்யும் கரைப்பானைப் பிடிக்கும் குழாய் என்ற பெயரில் மலிவான பொட்டலங்கள் இணையத்தில் விற்கின்றன. 'துளை போட்டால் சப்ரஸர்' என்ற கண்சிமிட்டல்தான் அந்த விற்பனையின் அடிப்படை. அமெரிக்காவில் அனுமதி இல்லாமல் அப்படிச் செய்வது சிறைக்குப் போகும் வழி. அதோடு 4,000 பார் அழுத்தத்தில் சுடும் தோட்டாவின் வாயுவைத் தாங்கும் என்று அந்த உலோகத்துக்கு எந்த உத்தரவாதமும் கிடையாது. செலவைக் குறைக்கும் வழிகளில் இதைச் சேர்க்க வேண்டாம்.

எவ்வளவு அமைதியை எதிர்பார்க்கலாம்

ஹைரம் பெர்சி மாக்சிம் 1909-ல் காப்புரிமை பெற்ற காலத்திலிருந்து அடிப்படை மாறவில்லை. குண்டுக்குப் பின்னால் வரும் சூடான வாயுவை ஒரு குழாய்க்குள் பல தடுப்புத் தட்டுகளில் மோதவிட்டு, விரியவும் குளிரவும் நேரம் கொடுத்து மெதுவாக வெளியே விடுவதுதான் வேலை. அது குறைப்பது குழல் முனையின் வெடிச்சத்தத்தை மட்டுமே. குண்டு ஒலியைவிட வேகமாகப் போகிறதல்லவா, அதன் 'படீர்' என்ற சத்தம் குண்டோடு கூடவே போகும். காற்றில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 340 மீட்டர். வேட்டை ரைஃபிள் குண்டு 700 முதல் 950 மீட்டர். அந்தச் சத்தத்தை எந்தச் சப்ரஸராலும் அடக்க முடியாது.

பெரிய ரைஃபிள் ஒன்றின் வெடிச்சத்தம் 160 முதல் 170 டெசிபல் வரை போகும். நல்ல சப்ரஸர் அதில் 20 முதல் 30 வரை குறைக்கும். திடீர்ச் சத்தத்துக்குக் காதின் ஆபத்து எல்லையாக வழக்கமாகச் சொல்லப்படும் அளவு 140 டெசிபல். .300 வின்செஸ்டர் மேக்னம் போன்ற தோட்டாக்கள் (மேக்னம் என்பது கூடுதல் வெடிமருந்து கொண்ட வகை) சப்ரஸரோடு அந்த எல்லைக்கு மேலேயோ கீழேயோ ஒட்டித்தான் நிற்கும். எனவே பயிற்சிக் களத்தில் காதடைப்பான் கட்டாயம். காட்டில் ஒரே ஒரு சூடு என்றாலும் போட்டுக்கொள்வதே நல்லது.

டெசிபல் கணக்கை ஏன் நம்பி வாங்கக் கூடாது? எங்கே அளந்தார்கள் என்பதைப் பொறுத்து அந்த எண் மாறும். குழல் முனைக்குப் பக்கவாட்டில் ஒரு மீட்டர் தள்ளி அளந்தது ஒன்று, சுடுபவரின் காதருகே அளந்தது இன்னொன்று. பழைய மீட்டர்கள் ஒரு நொடியின் மிகச் சிறு பகுதியில் ஏறி இறங்கும் உச்சத்தைத் தவறவிடும். குழல் நீளம், தோட்டா வகை, காற்றின் ஈரப்பதம் எல்லாம் சேர்ந்து எண்ணை நகர்த்தும். சப்ரஸருக்குள் இருக்கும் ஆக்ஸிஜன் முதல் சூட்டில் எரிவதால் முதல் சத்தம் சற்றுக் கூடுதலாக இருக்கும். வேட்டைக்காரருக்கு முக்கியமே அந்த முதல் சூடுதான். விளம்பரத்திலோ சராசரியைப் போட்டிருப்பார்கள். இரண்டு நிறுவனங்களின் எண்களுக்கு இடையே 3 டெசிபல் வித்தியாசம் இருந்தால் அதற்காக ஒரு காசும் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம். ஒரே ஆய்வாளர், ஒரே ரைஃபிள், ஒரே நாளில் அளந்த ஒப்பீடு கிடைத்தால் மட்டும் அதைக் கணக்கில் எடுங்கள்.

தோட்டாவின் பெயரை விடுங்கள், குண்டின் விட்டத்தைப் பாருங்கள்

புதியவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது. குண்டும் வெடிமருந்தும் சேர்ந்த முழுப் பொருள்தான் தோட்டா; குழலிலிருந்து பறந்து போவது குண்டு மட்டும். தோட்டாவின் பெயரில் உள்ள எண் எப்போதும் குண்டின் விட்டமாக இருப்பதில்லை. அடிக்கடி வரும் சில:

- 7 மிமீ ரெமிங்டன் மேக்னம்: 7.21 மிமீ
- .308 வின்செஸ்டர், .300 வின்செஸ்டர் மேக்னம், .300 வெதர்பி: 7.82 மிமீ
- 8×57 ஜேஎஸ்: 8.22 மிமீ
- .338 வின்செஸ்டர் மேக்னம், .338 லபுவா: 8.58 மிமீ
- .35 வீலன்: 9.09 மிமீ
- 9.3×62: 9.3 மிமீ
- .375 எச் அண்ட் எச்: 9.53 மிமீ
- .416 ரிக்பி: 10.57 மிமீ
- .45-70, .458 வின்செஸ்டர் மேக்னம்: 11.63 மிமீ

சப்ரஸரின் துளை குண்டைவிட மொத்தத்தில் சுமார் ஒரு மில்லிமீட்டரோ சற்று அதிகமோ பெரிதாக இருக்கும். அந்த இடைவெளிதான் உயிர்க்கயிறு. 8×57 வைத்திருப்பவர் '.30 காலிபர் சப்ரஸர்தானே, 0.4 மில்லிமீட்டர்தானே வித்தியாசம்' என்று மாட்டினால் இரு பக்கமும் இருக்க வேண்டிய இடைவெளியில் ஏறக்குறையப் பாதி போய்விடும். மரை கொஞ்சம் கோணலாக இருந்தாலும் குண்டு தட்டில் உரசும். .35 வீலன் .338 சப்ரஸரில் போகவே கூடாது. 9.3 வைத்திருப்பவர்கள் 9.3 என்றோ .375 என்றோ எழுதியதைத்தான் வாங்க வேண்டும்.

எதிர்த்திசையில் பிரச்சினை இல்லை. பெரிய துளையில் சிறிய குண்டு தாராளமாகப் போகும். கொஞ்சம் சத்தம் கூடும், அவ்வளவே; பெரும்பாலும் சில டெசிபல். குறைந்த செலவில் முடிக்க நினைப்பவருக்கு இது பெரிய வாய்ப்பு. வீட்டில் ஒரு .375-ம் ஒரு .308-ம் இருந்தால், .375-க்குரிய ஒரே சப்ரஸர் இரண்டுக்கும் போதும். முன்மூடியை மாற்றி, துளையைச் சிறிதாக்கிக்கொள்ளும் மாடல்களும் உண்டு. அப்படிப்பட்டதை வாங்கினால் ஒரு எச்சரிக்கை: சிறிய மூடி மாட்டியிருப்பதை மறந்து பெரிய ரைஃபிளில் போட்டுவிடும் ஆபத்து எப்போதும் இருக்கும். ஒவ்வொரு மூடியிலும் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி பெயின்ட்டில் காலிபரை எழுதி வையுங்கள்.

துளை பொருந்தினால் மட்டும் போதாது: அழுத்தக் கணக்கு

.45-70-ம் .458 வின்செஸ்டர் மேக்னமும் ஒரே குண்டு விட்டம். ஆனால் .45-70-ன் அமெரிக்கத் தர உச்ச அழுத்தம் 28,000 பிஎஸ்ஐ (சுமார் 1,930 பார்) மட்டுமே. .458 அதைப்போல இரு மடங்கு. '.45-70-க்கு ஏற்றது' என்று மட்டும் எழுதிய இலகுவான சப்ரஸரை .458-ல் மாட்டினால் அது வெடிகுண்டு.

வெடிமருந்தின் அளவும் பேசும். .308-ல் சுமார் 45 கிரெய்ன் (ஒரு கிரெய்ன் சுமார் 0.065 கிராம்) எரிகிறது; .300 மேக்னத்தில் 70 முதல் 75; .338 லபுவாவில் 90 வரை. .308-க்கும் .300 மேக்னத்துக்கும் ஒரே துளை, ஆனால் ஒன்றரை மடங்குக்கும் மேல் வாயு. குழல் குட்டையாக இருந்தால் வாயு இன்னும் அழுத்தத்தோடு சப்ரஸருக்குள் நுழையும். அதனால்தான் நிறுவனங்கள் ஒவ்வொரு தோட்டாவுக்கும் குறைந்தபட்சக் குழல் நீளம் ஒன்றைக் குறிப்பிடுகின்றன. கையேட்டில் தேட வேண்டியது மூன்று: உங்கள் தோட்டாவின் பெயர், அதற்கான குறைந்தபட்சக் குழல் நீளம், அடுத்தடுத்து எத்தனை சூடு என்ற வரம்பு. இந்த மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் நிறுவனத்துக்கு எழுதிக் கேளுங்கள். பதில் வராத நிறுவனத்தின் பொருளைப் பெரிய காலிபரில் மாட்ட வேண்டாம்.

உலோகம்: எதற்குக் கூடுதல் பணம் கொடுக்கலாம்

அலுமினியம் மலிவு, இலகு. ஆனால் 200 டிகிரி செல்சியஸுக்குள்ளேயே பலத்தை வேகமாக இழக்கும். முதல் தட்டு எஃகாக இருந்து உடல் மட்டும் அலுமினியமாக உள்ளவை மிதமான தோட்டாக்களில், ஒரு நாளில் இரண்டு மூன்று சூடு என்ற வேட்டைப் பழக்கத்துக்குப் போதும். முழுக்க அலுமினியமாக உள்ளதை மேக்னத்துக்கு வாங்காதீர்கள்.

ஸ்டெயின்லெஸ் எஃகு, அதிலும் 17-4 வகை, உழைப்பாளி. விலை நடுத்தரம், சூட்டைத் தாங்கும், பல வருடம் வரும். எடைதான் குறை. டைட்டானியத்தின் அடர்த்தி எஃகில் ஏறக்குறைய 57 விழுக்காடுதான். பலமோ கிட்டத்தட்டச் சமம். அது தடுமாறுவது 400 டிகிரிக்கு மேல். வேட்டையில் யாரும் அந்தச் சூட்டுக்குப் போவதில்லை. பயிற்சிக் களத்தில் மேக்னம் தோட்டாவை நிறுத்தாமல் இருபது தடவை சுட்டால் போகலாம், தீப்பொறியும் பறக்கும். இன்கோனல், ஸ்டெல்லைட் போன்ற கடும் சூடு தாங்கும் கலவை உலோகங்கள் இயந்திரத் துப்பாக்கி மாதிரி இடைவிடாமல் சுடுவதற்குத்தான் தேவை. வேட்டைக்காரர் அவற்றுக்குப் பணம் கொடுப்பது, நடந்து போகிற தூரத்துக்கு லாரி வாங்குவது மாதிரி.

எங்கள் தீர்ப்பு: நடந்து வேட்டையாடுபவர் மற்ற எல்லாவற்றிலும் மிச்சம் பிடித்து டைட்டானியத்துக்குக் கொடுக்கலாம். மேடையிலோ வண்டிப் பக்கத்திலோ உட்கார்ந்து சுடுபவருக்கு எஃகே போதும்.

எடையும் நீளமும்

குழலின் நுனியில் சேரும் 300 கிராம், கைப்பிடிப் பக்கத்தில் சேரும் ஒரு கிலோவைவிட அதிகம் தெரியும். பெரிய காலிபர் சப்ரஸர்கள் 300 முதல் 700 கிராம் வரை, 15 முதல் 23 செ.மீ. நீளம் வரை இருக்கின்றன. 61 அல்லது 66 செ.மீ. குழலின் நுனியில் இன்னொரு 20 செ.மீ. சேர்ந்தால் புதரில் திரும்பவே முடியாது. வாங்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். ரைஃபிளில் தோட்டா இல்லை என்று உறுதி செய்துகொண்டு, போல்ட்டை (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் பகுதி) எடுத்துவிட்டு, அதே எடையுள்ள மணல் பையை நுனியில் டேப் போட்டுக் கட்டி, நின்றபடி ஒரு நிமிடம் குறிபார்த்துப் பாருங்கள். எந்த விளம்பரமும் சொல்லாததை அந்த ஒரு நிமிடம் சொல்லிவிடும்.

நீளத்தைச் சமாளிக்க இரண்டு வழி. குழலை 50 செ.மீ. அளவுக்கு வெட்டலாம், மரை போடும்போதே செய்தால் கூடுதல் செலவு சிறிது. மேக்னம் தோட்டாவில் ஒவ்வொரு 2.5 செ.மீ.க்கும் நொடிக்குச் சுமார் 6 முதல் 9 மீட்டர் வேகம் குறையும். 250 மீட்டருக்குள் சுடுபவருக்கு அது பெரிய இழப்பு இல்லை. ஆனால் வெட்டும் முன், மேலே சொன்ன குறைந்தபட்ச நீளத்தையும், உங்கள் ஊர்ச் சட்டத்தில் குழல் நீள வரம்பு இருந்தால் அதையும் பார்த்துவிடுங்கள். வெட்டிய குழல் வளராது.

இரண்டாவது வழி, குழலின் மேல் பின்னோக்கிப் படியும் வகை. சப்ரஸரின் பாதி குழலைச் சுற்றி அமர்வதால் முன்னால் 8 முதல் 12 செ.மீ.தான் நீளும். கொள்ளளவு பெரியது, எடை கைக்குக் கொஞ்சம் பக்கத்தில் வரும். இதற்கு உங்கள் குழல் எவ்வளவு தடிமன் என்று அளக்க வேண்டும்: நுனியிலிருந்து 15 செ.மீ. பின்னால் வரை ஒவ்வொரு 2 செ.மீ.க்கும் கேலிப்பர் என்ற தடிமன் அளக்கும் கருவியால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அந்த அளவு சப்ரஸரின் பின்துளைக்குள் போக வேண்டும். .375, .416, .458 போன்ற பெருவிலங்கு ரைஃபிள்களில் இன்னொரு சிக்கல் உண்டு. முன்குறி குழலில் வளையம் போட்டு நிற்கும்; வார் மாட்டும் கொக்கியும் பல ரைஃபிள்களில் குழலிலேயே இருக்கும். பின்னோக்கிப் படியும் சப்ரஸர் அவற்றைத் தாண்டிப் போகாது. சாதாரண வகையை மாட்டினாலும் 45 மிமீ தடிமனுள்ள குழாய் இரும்புக் குறியை மறைத்துவிடும். இரும்புக் குறியை நம்பி வேட்டையாடுபவர் அதை விட்டுக்கொடுக்கத் தயாரா என்று முதலில் முடிவு செய்யட்டும்.

மரை: மிச்சம் பிடிக்கக் கூடாத இடம்

பட்ஜெட்டில் தனியாக ஒரு தொகையை இதற்கு எடுத்து வையுங்கள். சப்ரஸர் பாழாவதற்குக் காரணம் பெரும்பாலும் சப்ரஸர் அல்ல. மரையும் அது வந்து நிற்கும் தோளும்தான்.

சப்ரஸரை நேராக நிறுத்துவது மரை என்று பலர் நினைக்கிறார்கள். மரை இறுக்கிப் பிடிக்கும். நேராக நிறுத்துவது மரைக்குப் பின்னால் உள்ள தட்டையான தோள். அந்தத் தோள் குழல் துளையின் அச்சுக்குச் சரியாகச் செங்குத்தாக இருக்க வேண்டும். அரை டிகிரி சாய்ந்தாலும் 20 செ.மீ. தள்ளி முன்மூடியில் அது கிட்டத்தட்ட 1.7 மிமீ ஆகிவிடும். அங்கே இருக்கும் இடைவெளியே பக்கத்துக்கு அரை மில்லிமீட்டர் சொச்சம்தான்.

அடுத்தது, லேத்தில் எதை மையமாக வைத்து வெட்டினார்கள் என்பது. குழலின் வெளிப்புறமும் உள்துளையும் பல குழல்களில் ஒரே மையத்தில் இருப்பதில்லை. வெளிப்புறத்தைப் பிடித்து வெட்டினால் மரை அழகாக இருக்கும், குண்டு கோணலாகப் போகும். வேலை கொடுக்கும்போது கேட்க வேண்டிய ஒரே கேள்வி: 'உள்துளையை டயல் இன்டிகேட்டரில் (மிக நுண்ணிய விலகலைக் காட்டும் அளவுகருவி) மையப்படுத்தி வெட்டுவீர்களா?' இல்லை என்றோ, அது எதற்கு என்றோ பதில் வந்தால் வேறு ஆளைப் பாருங்கள். கையால் திருகி வெட்டும் டை கருவி பெரிய காலிபருக்கு ஒத்தே வராது.

எந்த மரை என்பது குழல் தடிமனைப் பொறுத்தது. .30 காலிபரில் பரவலானவை 5/8-24 (5/8 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 24 புரி), எம்14×1 (14 மிமீ விட்டம், புரிக்குப் புரி 1 மிமீ இடைவெளி), எம்15×1. மரை வெட்டிய பிறகு துளையைச் சுற்றி எவ்வளவு உலோகம் மிஞ்சுகிறது என்று கணக்கிடுங்கள். 5/8-24 மரையின் அடிவிட்டம் சுமார் 14.7 மிமீ. அதில் .30 காலிபர் துளை போனால் சுவர் 3.4 மிமீ மிஞ்சும்; .375-ல் 2.6; .458-ல் வெறும் 1.5 மிமீ. அந்தக் கடைசி எண்ணோடு பெரிய ரைஃபிளைச் சுடக் கூடாது. .416, .458 காலிபர்களுக்கு எம்18×1 அல்லது 3/4-24 போன்ற பெரிய மரையே வேண்டும். குழல் நுனி அதற்குத் தடிமனாக இல்லையென்றால் அந்த ரைஃபிள் சப்ரஸருக்கு ஏற்றதல்ல. அதில் பிடிவாதம் வேண்டாம். தோளுக்கும் பக்கத்துக்கு ஒன்றரை மில்லிமீட்டராவது மிஞ்ச வேண்டும். அதாவது 5/8 மரைக்குக் குழல் நுனி 19 மிமீ அளவில் இருந்தால் நல்லது. மெல்லிய மலை ரைஃபிள் குழல்களில் இந்த இடம் இருக்காது. அங்கே எம்14×1 தான் நடைமுறை வழி.

தொழிற்சாலையிலேயே மரை போட்டு வந்த ரைஃபிளாக இருந்தாலும் பெயரை நம்பாமல் அளந்து பாருங்கள். 5/8-24 மரையின் வெளிவிட்டம் 15.88 மிமீ, எம்16×1-க்கு 16. ஒன்றின் இடைவெளி 1.06 மிமீ, மற்றதற்கு 1. இரண்டும் ஒன்றில் ஒன்று இரண்டு மூன்று சுற்று ஏறும், பிறகு இறுகும். 'புதுசு, கொஞ்சம் டைட்டாக இருக்கிறது' என்று சாவி போட்டுத் திருகினால் இரண்டு மரையும் போயிற்று. சரியான மரை விரலாலேயே தோள் வரை ஏறும்.

நேரடி மரையா, சட்டென மாட்டும் அடாப்டரா

ஒரே ரைஃபிள் என்றால் நேரடி மரை. மலிவு, இலகு, கெட்டுப்போக எதுவும் இல்லை. மூன்று நான்கு ரைஃபிள்களுக்கு ஒரே சப்ரஸர் என்றால், பின்பக்கம் 1.375-24 என்ற பொது மரையுள்ள சப்ரஸரை வாங்குவது நல்லது. பல நிறுவனங்களின் அடாப்டர்கள் அதில் பொருந்தும். நாளைக்கு ரைஃபிள் மாறினால் அடாப்டரை மட்டும் மாற்றினால் போதும்.

பிரேக் (பின்னுதைப்பைக் குறைக்கக் குழல் நுனியில் மாட்டும் துணைக்கருவி) மேல் மாட்டும் அடாப்டர் வாங்கினால் ஒவ்வொரு ரைஃபிளுக்கும் ஒரு பிரேக் வாங்க வேண்டிவரும். அந்த மறைமுகச் செலவைக் கடைசியில்தான் பலர் கூட்டிப் பார்க்கிறார்கள். பிரேக்கைச் சரியான கோணத்தில் நிறுத்த நசுங்கும் வாஷர் போடும் பழக்கம் உண்டு. சப்ரஸர் மாட்டப் போகும் பிரேக்கில் அதை ஒருபோதும் போடாதீர்கள். அது ஒரு பக்கம் அதிகமாக நசுங்கி எல்லாவற்றையும் சாய்த்துவிடும். சமதளமாக அரைத்த ஷிம் வளையங்கள்தான் சரி.

வந்ததும் முதல் சூட்டுக்கு முன்

ரைஃபிளில் தோட்டா இல்லை என்று கண்ணாலும் விரலாலும் பார்த்து, போல்ட்டைக் கழற்றி வையுங்கள். குழல் மரையையும் தோளையும் கரைப்பானில் நனைத்த துணியால் துடையுங்கள். தோளில் ஒட்டிய ஒரு சிறு பிசிர் போதும் சாய்வதற்கு. சூடு தாங்கும் கிரீஸை மரையில் மட்டும் மிக மெல்லியதாகப் பூசுங்கள். மரை டேப், பசை எதுவும் வேண்டாம். கையால் தோளில் இடிக்கும் வரை திருகி, கையாலேயே ஒரு இறுக்கு. நிறுவனம் டார்க் (எவ்வளவு விசையோடு இறுக்குவது என்ற) அளவு சொல்லியிருந்தால் அதன்படி.

பிறகு சீரமைப்புக் கம்பி. உங்கள் குழல் துளைக்குள் ஆடாமல் போகும் அளவில், நேராக அரைத்த எஃகுக் கம்பி காலிபர் வாரியாக விற்கிறது. முன்னாலிருந்து சப்ரஸர் வழியாகக் குழலுக்குள் விட்டு, முன்மூடியின் துளையில் கம்பி நடுவில் நிற்கிறதா என்று பாருங்கள். துளியளவு ஒரு பக்கம் ஒதுங்குவது வழக்கம். விளிம்பைத் தொட்டாலோ, ஒரு பக்கம் மயிரிழைதான் மிஞ்சினாலோ சுடக் கூடாது. கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டிப் பாருங்கள். அதே பக்கம் ஒதுங்கினால் தவறு தோளிலோ மரையிலோ இருக்கிறது. சப்ரஸரை வேறொரு நல்ல ரைஃபிளில் மாட்டிப் பார்த்தால் எது குற்றவாளி என்று தெரிந்துவிடும். கம்பியை எடுத்துவிட்டீர்களா என்று இரண்டு முறை பாருங்கள். கம்பி வாங்கக் காசில்லையென்றால் மரை வெட்டியவரிடமே சோதித்துத் தரச் சொல்லலாம். பின்பக்கத்திலிருந்து வெளிச்சம் பார்ப்பது பெரிய தவறுகளை மட்டுமே காட்டும்.

ஜீரோ செய்வது

ஜீரோ செய்வது என்றால் குறிபார்க்கும் இடத்திலேயே குண்டு விழும்படி குறியைச் சரிசெய்வது. சப்ரஸர் மாட்டினால் குண்டு விழும் இடம் மாறும். நுனியில் எடை சேர்ந்து குழல் அதிரும் விதம் மாறுவதே காரணம். 100 மீட்டரில் சில சென்டிமீட்டர், பெரும்பாலும் கீழ்நோக்கி. மாறுவது குற்றமில்லை, ஒவ்வொரு முறையும் ஒரே அளவு மாற வேண்டும். சப்ரஸரோடு மூன்று சுட்டு, ஆறவிட்டு, கழற்றி மாட்டி மறுபடி மூன்று, இன்னொரு முறையும் அப்படியே. மூன்று குழுக்களின் மையமும் உங்கள் ரைஃபிளின் வழக்கமான சிதறலுக்குள் விழுந்தால் சரி. அலைந்தால் தோள், மரை, கையால் இறுக்கிய அளவு என்ற வரிசையில் காரணத்தைத் தேடுங்கள். வேகம் குறைந்துவிடுமோ என்ற பயம் வேண்டாம். சப்ரஸரால் குண்டின் வேகம் சற்றுக் கூடத்தான் செய்யும். பின்னுதைப்பும் நன்றாகக் குறையும், உங்கள் தோள்பட்டை உடனே சொல்லும்.

சுடச் சுட மரை தளரும். இரண்டு மூன்று சூட்டுக்கு ஒரு முறை, தடித்த தோல் கையுறை போட்டு இறுக்கிப் பாருங்கள். வெறுங்கையால் தொட்டால் கொப்புளம் நிச்சயம். சூடான குழாயிலிருந்து எழும் கானல் ஸ்கோப்பில் இலக்கை ஆடவைக்கும். துணி உறை அதைத் தடுக்கும். ஆனால் சூட்டையும் உள்ளேயே பிடித்துவைக்கும். வேட்டையில் உறை நல்லது, கிளையில் உரசும் சத்தமும் குறையும். களத்தில் நிறைய சுடும் நாளில் கழற்றிவிடுங்கள்.

பழையது வாங்கலாமா

சட்டம் இடம் கொடுத்தால் வாங்கலாம். விளக்கடித்து உள்ளே பாருங்கள்: எல்லாத் தட்டுகளின் துளையும் ஒன்றுக்குள் ஒன்று வட்டமாகத் தெரிய வேண்டும். ஒரு விளிம்பில் பளபளப்பான கீறலோ முட்டை வடிவமோ தெரிந்தால் குண்டு உரசியிருக்கிறது. விலை எவ்வளவு குறைவானாலும் விட்டுவிடுங்கள். முதல் தட்டு மணல் வீசியதுபோல் சற்று அரிக்கப்பட்டிருப்பது இயல்பு. பின்மரையை அதே அளவு மரையுள்ள திருகில் ஏற்றிப் பாருங்கள். எடை போட்டு நிறுவனம் சொன்ன எடையோடு ஒப்பிடுங்கள். அந்த நிறுவனம் இன்னும் இயங்குகிறதா, பழுது பார்ப்பார்களா என்பதும் விலையில் ஒரு பங்கு. முழுக்க வெல்டு செய்த சப்ரஸரை அவர்களைத் தவிர யாரும் திறக்க முடியாது.

பராமரிப்பு

சுட்டு முடித்ததும் ரைஃபிளிலிருந்து கழற்றிவிடுங்கள். எரிந்த வாயுவில் நீராவி இருக்கிறது. ஆறும்போது அது குழலுக்குள் இறங்கும். ஒரே இரவில் குழல் நுனியில் துரு பிடித்த ரைஃபிள்கள் ஏராளம். காட்டிலிருந்து திரும்பும் வழியில் கழற்ற முடியாவிட்டால் குழலைக் கீழ்நோக்கி வையுங்கள். வீட்டில் சப்ரஸரைக் காற்றோட்டமான இடத்தில் நிறுத்தி வைத்தால் போதும். உறைக்குள் ஈரத்தோடு போட்டு மூடாதீர்கள்.

செப்பு உறையிட்ட குண்டு சுடும் ரைஃபிள் சப்ரஸரை அடிக்கடி கழுவத் தேவையில்லை. வாங்கிய அன்று எடையைக் கிராம் கணக்கில் குறித்து வையுங்கள். 50 கிராம் அளவுக்குக் கூடியிருந்தால் கார்பன் கரைப்பானில் ஊறவைத்துக் கழுவி, முழுக்கக் காயவிடுங்கள். வெல்டு செய்த எஃகு, டைட்டானியத்துக்கு அல்ட்ராசோனிக் தொட்டி நல்லது. அலுமினியத்தை அதில் போட வேண்டாம், மேற்பூச்சு போய்விடும். வினிகரும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கலந்து ஊறவைக்கும் முறை ஒன்று பரவலாகச் சொல்லப்படுகிறது. ஈயம் படிந்த சப்ரஸரில் அது லெட் அசிட்டேட் என்ற நச்சுக் கரைசலை உண்டாக்கும், தோல் வழியாகவும் உடம்பில் ஏறும். ஈயக் குண்டு வார்த்துச் சுடும் .45-70 பிரியர்கள் இதைத் தொடவே வேண்டாம்.

சுடும்போது சத்தம் திடீரென மாறினாலோ, நன்றாக விழுந்துகொண்டிருந்த குண்டு ஒன்று காரணமில்லாமல் எங்கோ போனாலோ, அடுத்த தோட்டாவை ஏற்றாதீர்கள். ரைஃபிளைக் காலி செய்து, ஆறவிட்டு, கழற்றி, விளக்கடித்து ஒவ்வொரு தட்டின் விளிம்பையும் பாருங்கள். லேசாக உரசிய சப்ரஸரைப் பல நிறுவனங்கள் சரிசெய்து தருகின்றன. மேலும் இரண்டு குண்டு போனபின் வந்ததை அவர்கள் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.